கொழுந்தும் நுண்கணிதமும்

ஒரு கலைப்படைப்பை ஆராயப் புகுவோர் அது எங்கே ஆக்கப்பட்டது என்று கேட்பது வழக்கம். அது எங்கே இருந்து பார்க்கப்படுகிறது என்ற வினாவும் அதேயளவு முக்கியமானது என்பது எமது கருத்து. கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் பற்றி எடுக்கப்பட்ட ஒரு படத்தை, அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலை மண்டபத்தில், தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருக்க, உயர்தர வகுப்பு மாணவர் முப்பது பேரோடு அமர்ந்து பார்த்தோம். இணைந்த கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அதனைத் தம் மடிக்கணினியில் கொண்டு வந்திருந்தார். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன, மாணவர் சோர்ந்திருந்தனர், அவர்களுக்கு ஊக்கமளிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஊக்கம் கிடைத்ததோ என்னவோ, படம் முடிந்ததும் எழுந்த விவாதம் எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

படத்தின் பெயர் 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்'. 1988இல் ரமோன் மெனெண்டஸ் இயக்கி வெளிவந்தது. பொலிவியாவிலே பிறந்து, 1960களில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, உணவகத்தில் தரை துடைத்து, மீண்டும் படித்துப் பட்டம் பெற்று, 1974இல் கார்பீல்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த ஹைமே எஸ்கலாந்தேயின் வாழ்விலிருந்து எடுத்த கதை அது. அப்பள்ளியின் மாணவர் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகள். 1982இல் அவருடைய மாணவர் பதினெட்டுப் பேர், கல்லூரித் தரத்திலமைந்த நுண்கணிதப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தனர். விடைகளில் ஒற்றுமை காணப்படுகிறது என்று கூறி, பரீட்சையை நடத்திய நிறுவனம் அவர்களில் பதினால்வரை மீண்டும் எழுதும்படி கேட்டது. பன்னிருவர் எழுதினர். பன்னிருவரும் மறுபடி சித்தியடைந்தனர். நடந்தது இவ்வளவே. இதனைப் படம் நெஞ்சை உருக்கும்படி சொல்கிறது என்பதில் ஐயமில்லை. எஸ்கலாந்தேயாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதுக்குப் பிரேரிக்கப்பட்டதும் தகுதி பற்றியதே.

எமது மாணவருக்கு அந்த வீடுகளையும் வீதிகளையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உணவகம் நடத்தும் தந்தை தன் மகள் வகுப்பைவிட்டு வந்து கடையில் உதவினாற் போதும் என்று கருதும் கட்டம் வந்தபோது, மண்டபத்தின் பின்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. கொழும்பிலே கடைக்கு ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்கு வந்துபோகும் தரகரை அறியாத பிள்ளை எம்மிடையே இல்லை. இன்னொரு மாணவன், தான் புத்தகம் சுமப்பதைத் தெருவில் உள்ள கூட்டாளிகள் காணக்கூடாதென்று மூன்று தொகுதி நூல்களைக் கேட்டு வாங்குகிறான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். எமது பையன்களுக்கோ ஒரு தொகுதிக்கே வழியில்லை. கடந்தகால வினாத்தாள்களின் நிழற்பிரதி ஒன்று ஐந்து லயங்களைச் சுற்றி வந்து, ஓரங்கள் நைந்து, பதினைந்தாம் வினாவின் பாதி கிழிந்த நிலையில் திரும்பி வருவதே வழக்கம்.

நிற்க. படத்தின் குறைபாடு எங்கே இருக்கிறது? அது காலத்தைச் சுருக்கியதில் இருக்கிறது. பின்னங்களைக் கூட்டத் தெரியாத மாணவர் ஓராண்டு ஈராண்டுக்குள் ஓர் ஆசிரியரின் மந்திரக்கோலால் நுண்கணிதத்தை வென்றதாகவே பார்ப்போர் மனத்தில் பதிகிறது. உண்மை அவ்வாறன்று. எஸ்கலாந்தே பள்ளியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளின் பின்னரே, 1978இல், முதல் நுண்கணித வகுப்பை ஐந்து மாணவரோடு தொடங்கினார். மறு ஆண்டு ஒன்பது பேரில் எழுவர் சித்தியடைந்தனர். 1981இல் பதினைவரில் பதினால்வர். பெஞ்சமின் ஹிமேனெஸ் என்ற சக ஆசிரியர் துணைநின்றார். கீழ்வகுப்புகளின் அட்சரகணிதம் திருத்தியமைக்கப்பட்டது. அயலிலிருந்த கல்லூரியில் விடுமுறை வகுப்புகள் நடந்தன. ஹென்றி கிரடில்லாஸ் என்ற அதிபர் பக்கபலமாக இருந்தார். அவர் சென்றபின் ஆதரவு குன்றியது. 1991இல் எஸ்கலாந்தேயும் பள்ளியைவிட்டு நீங்கினார். அதன் பின் அம்முயற்சி தேய்ந்தது. ஆண்டுக்கணக்கில் பலர் சேர்ந்து கட்டிய ஏணி ஒன்று இருந்தது. படம் ஏணியை மறைத்துவிட்டு, உச்சியில் நிற்கும் மனிதரை மட்டும் காட்டுகிறது. தனி வீரனைப் போற்றும் கலைமரபுக்கு இது புதிதன்று. ஆயினும் இதன் விளைவு தீங்கானது. ஆசிரியர் ஒருவர் அற்புதம் நிகழ்த்த வல்லவர் என்றால், அற்புதம் நிகழாத இடங்களில் குற்றவாளி யார் என்பதும் உடனே முடிவாகிவிடுகிறது அல்லவா? கணித ஆசிரியரே இல்லாத பாடசாலைக்குப் பெறுபேறு ஏன் குறைந்தது என்று விளக்கம் கோரிக் கடிதம் வருவதை அறிந்தவர்கள் நாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்கலாந்தேயின் வகுப்புகளில் ஐம்பது பேருக்கு மேற்பட்ட மாணவர் அமர்ந்தனர் என்றும், முப்பத்தைந்து என்ற வரம்பைக் காக்க முயன்ற ஆசிரியர் சங்கத்தோடு அவருக்கு உரசல் இருந்தது என்றும் வரலாறு கூறுகிறது. சங்கத்தில் இருப்பவர்கள் என்ற முறையில் இதனைப் படிக்கையில் எமக்குச் சங்கடமே உண்டாகிறது. வகுப்பின் அளவுக்கு வரம்பு கேட்பது நியாயம். கதவில் நிற்கும் ஐம்பத்தோராவது பிள்ளையைத் திருப்பி அனுப்புவதும் எளிதன்று. இந்த முரண்பாட்டைப் படம் தொட்டிருந்தால் அது இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

இனி எமது ஏணியைப் பார்ப்போம். இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் பயன் தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டது. தோட்டத்துரையின் பொறுப்பில், ஓர் ஆசிரியர் ஒரே கொட்டிலில் எல்லா வகுப்புகளையும் நடத்திய பள்ளிகளே எமது பாட்டன்மாருக்கு வாய்த்தன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்கு வாங்கும் மேசையும் ஒரு செலவே என்று ஆட்சியாளர் கருதியிருக்க வேண்டும். 1970களில் தோட்டங்கள் தேசியமயமானதை ஒட்டியே இப்பள்ளிகள் கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. பின்னர் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இவற்றைக் குறைத்துச் சொல்வது நன்றி மறத்தலாகும். எனினும் இன்றும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடோ, பதினோராம் வகுப்போடோ முடிந்துவிடுகின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மலையுச்சித் தோட்டத்துப் பிள்ளை இணைந்த கணிதம் படிக்க விரும்பினால், விடியுமுன் எழுந்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அல்லது நகரத்தில் உறவினர் வீட்டில் ஒதுங்க வேண்டும்.

அவ்வாறு வந்து சேரும் பிள்ளையை எதிர்கொள்வது எத்தகைய கணிதம்? முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதியில் பதினான்காம் வினா வகையீடு, பதினைந்தாம் வினா தொகையீடு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். சார்பின் பெறுதியைக் காண், திரும்பற் புள்ளிகளையும் அணுகுகோடுகளையும் குறி, வரைபை வரை, அதன்பின் உயர்வு இழிவு பற்றிய சிறு கணக்கொன்று. ஆண்டுதோறும் இந்தச் சட்டகம் பெரிதாக மாறுவதில்லை. ஆதலால் பத்தாண்டு வினாத்தாள்களை நெட்டுருச் செய்தால் போதும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து கருத்தரங்கு நடத்துவோர் 'இப்படி வந்தால் இப்படிப் போடு' என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுகிறார்கள். படத்திலும் இதே நோய் உண்டு. பகுதிகளாகத் தொகையிடும் முறையை எஸ்கலாந்தே ஒரு கட்டவிளையாட்டாகக் கற்பிக்கும் காட்சி மிகக் கவர்ச்சியானது. அது ஏன் சரியாகிறது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கணித நண்பர் இருளிலே எம் பக்கம் சாய்ந்து, "இதுதான் ஆபத்து" என்று முணுமுணுத்தார்.

கார்ல் மார்க்ஸ் தம் இறுதி ஆண்டுகளில், நோய்க்கு நடுவே, வகையீட்டு நுண்கணிதத்தைத் தாமாகவே பயின்று குறிப்புகள் எழுதினார் என்பதை வாசகர் பலர் அறிவர். அக்குறிப்புகள் 1968இல் மொஸ்கோவில் நூலாக வெளிவந்தன. அவரைத் தொல்லைப்படுத்திய வினா மிக எளிது: மிகச் சிறிய ஒரு கணியத்தை முதலில் இருப்பதாகக் கொண்டு வகுத்துவிட்டு, பிறகு இல்லாததாகக் கொண்டு தள்ளிவிடுவது எவ்வாறு பொருந்தும்? விடை சரியாக வருகிறது என்பது அவருக்குப் போதுமானதாக இருக்கவில்லை. நியூட்டனும் லைப்னிற்சும் விட்டுச்சென்ற இந்த இடத்தில் ஒரு மாயத்தன்மை இருப்பதாகவே அவர் கண்டார். கணித அறிஞர் இவ்விடரை எல்லை என்ற கருத்தால் தம் வழியில் தீர்த்துவிட்டனர் என்பது வேறு விடயம். இந்த வினாவைக் கேட்கும் உரிமை லயத்துப் பிள்ளைக்கும் உண்டு என்பதையே வலியுறுத்துகிறோம். சூத்திரத்தைப் பெற்றுக்கொள்ளும் கையாக மட்டும் அவனைப் பயிற்றுவது, கொழுந்து கிள்ளும் கையாக மட்டும் அவன் தாயைக் கண்ட மனப்பாங்கிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று.

சுழியத்தைக் கண்டவர்கள் உங்கள் முன்னோராகிய மாயர் என்று எஸ்கலாந்தே மாணவருக்குச் சொல்லும் கட்டம் ஒன்றுண்டு. எம்மவரும் இதுபோல் சொல்ல ஆசைப்படலாம். கேரளத்திலே சங்கமகிராம மாதவன் பதினான்காம் நூற்றாண்டளவில் முடிவிலித் தொடர்களைக் கண்டான். அவன் வழியில் வந்த ஜ்யேஷ்டதேவன் 1530 அளவில் 'யுக்திபாஷை' என்ற நூலை இயற்றினான். இதில் நாம் பெறத்தக்கது முன்னோர் பெருமை அன்று. அந்நூல் சமஸ்கிருதத்தில் எழுதப்படவில்லை, மலையாளத்தில் எழுதப்பட்டது, முடிவுகளோடு நில்லாமல் அவற்றுக்கான நியாயங்களையும் விளக்கியது. மக்கள் மொழியும் காரணம் கூறலும் அங்கே கைகோத்து நின்றன. எமது நிலை என்ன? சுவாமி விபுலாநந்தர் போன்றோர் 1930களில் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தனர்; 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. வகையீடு, பெறுதி, படித்திறன் என்பன அழகிய சொற்கள். தமிழ் கற்றவர் என்ற முறையில் இவற்றில் எமக்குப் பெருமிதமே. ஆனால் மாணவன் கையில் கிடைக்கும் தமிழ்நாட்டு நூலில் பெறுதி வகைக்கெழுவாகவும், படித்திறன் சாய்வாகவும் மாறி நிற்கிறது. இரண்டையும் இணைத்துக்காட்ட ஓர் ஆசிரியர் இல்லாத இடத்தில் மாணவன் அவற்றை இரு வேறு பாடங்களென்றே எண்ணிக்கொள்கிறான்.

வினாக்களின் உலகமும் அவனுக்கு அந்நியமானது. பெட்டி, தாங்கி, கூம்பு, வேலியிட்ட தோட்டம் எனப் பல வரும், லயம் வராது. சென்ற ஆண்டு ஒரு மாணவன் தானாகவே ஒரு கணக்கை அமைத்துக் கொண்டுவந்தான். லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரின் மொத்த நீளம் நாற்பத்துநான்கு அடி. அதே சுவரைக் கொண்டு அதிகூடிய பரப்பைப் பெற வேண்டுமாயின் பதினொன்றுக்குப் பதினொன்றாகக் கட்டியிருக்க வேண்டும். அப்போது பரப்பு நூற்றிருபத்தொரு சதுர அடி. "ஒரு சதுர அடிதான் சேர் துரைமார் பிழைவிட்டது, மற்றதெல்லாம் சரியாகக் கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்" என்றான். வகுப்பு சிரித்து ஓய நெடுநேரம் சென்றது. எமக்குத் தெரிந்தவரையில் மலையகத்து வீட்டுப் பிரச்சினை பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதியவர் இல்லை.

மீண்டும் படத்துக்கு வருவோம். எமது மாணவரைத் தாக்கியது எஸ்கலாந்தேயின் திறமையோ பரீட்சை வெற்றியோ அன்று, அந்தச் சந்தேகமே. செல்வந்தர் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் சித்தியடைந்திருந்தால் எவர் ஐயுற்றிருப்பார் என்பதே படம் எழுப்பும் கூர்மையான வினா. இந்தச் சந்தேகத்தை மலையக இலக்கியம் எப்போதோ இனங்கண்டுவிட்டது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதையை நினைவூட்ட விரும்புகிறோம். 1980இல் அதே பெயரில் அவருடைய தொகுதியும் வெளிவந்தது. ஒரு பெண் எடுத்த கொழுந்தின் நிறை வழக்கத்தை மிஞ்சுகிறது. மிஞ்சியதாலேயே அது ஐயத்துக்கு உள்ளாகிறது. தன் கையின் வேகம் உண்மை என்று அவள் மறுபடியும் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கிறது. கார்பீல்ட் பள்ளிப் பிள்ளைகளின் கதை இதுவேயன்றி வேறென்ன? இராமையாவின் சிறப்பு என்னவெனில், அவர் வீரன் ஒருவனைக் கொண்டுவந்து அவளை மீட்பதில்லை. அவளுடைய கைகளே அவளுக்குச் சாட்சி. அந்த வகையில், கோடிக்கணக்கில் செலவிட்டு எடுக்கப்பட்ட அமெரிக்கப் படத்தைவிடச் சில பக்கங்களே கொண்ட இச்சிறுகதை ஆழமானது என்று சொல்ல எமக்குத் தயக்கமில்லை.

எமது இடத்திலே ஐயம் வேறு உடை தரித்து வருகிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆகவே இங்கிருந்து பொறியியல் பீடம் செல்லும் மாணவனை, 'குறைந்த வெட்டுப்புள்ளியில் வந்தவன்' என்ற சொல் விடுதியின் வாசலிலேயே வரவேற்கிறது. ஒதுக்கீடு வேண்டும் என்பதே எமது உறுதியான நிலைப்பாடு. இருநூறு ஆண்டு அநீதிக்கு அது மிகச் சிறிய ஈடு. ஆனால் மாவட்டம் என்ற அளவுகோலுக்கு நகரமும் லயமும் ஒன்றே. வெளிமாவட்டத்து மாணவர் இங்கு வந்து பதிந்து பரீட்சை எழுதி இடங்களைப் பெறுகின்றனர் என்ற முறைப்பாடும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. பழியை லயத்துப் பிள்ளை சுமக்க, பயனில் ஒரு பகுதி வேறெங்கோ போய்ச்சேர்கிறது.

படம் முடிந்து விளக்கேற்றியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அவர்கள் ஏன் சேர் திரும்ப எழுதச் சம்மதித்தார்கள்?" அவள் ஏன் இதனைக் கேட்டாள் என்பது எமக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன் வெளியூர்த் தனியார் வகுப்பொன்றின் மாதிரிப் பரீட்சையில் அவளே முதலாவதாக வந்தாள். பெயர் இங்கு வேண்டியதில்லை. அங்கிருந்தவர் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் தோட்டம் என்று விசாரித்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் பதினைந்தாம் வினாவைக் கரும்பலகையில் மறுபடி செய்யும்படி பணித்தார். அவள் செய்தாள். பிழையின்றிச் செய்தாள். அதன் பின் அவ்வகுப்புக்குப் போகவில்லை. அவளுடைய தாய் அதற்காகக் கட்டியிருந்த பணம் எத்தனை நாட் கொழுந்து என்று நாம் கணக்கிட்டுப் பார்க்கவில்லை, அவள் பார்த்திருப்பாள்.

கணித நண்பர் அவளுக்கு நேரே விடை சொல்லவில்லை. பதினால்வரில் இருவர் எழுதவில்லை என்பதை மட்டும் எடுத்துச் சொன்னார். படத்துக்கு அவ்விருவரிடத்தும் அக்கறையில்லை. எழுதி வென்றவர்களோடு அது மகிழ்ந்து முடிந்துவிடுகிறது. இது படத்தின் மிகப்பெரிய குறை என்று இப்போது எமக்குத் தோன்றுகிறது. நிரூபிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு எங்கிருந்து வந்தது என்ற வினாவை, நிரூபித்தவர்களின் வெற்றியால் அது மூடிவிடுகிறது.

பேச்சு கொழுந்து மடுவத்தை நோக்கித் திரும்பியது. காலை, நண்பகல், மாலை என நிறுக்கப்படும் நிறைகளின் கூட்டுத்தொகையைத் தொகையீடாகவும், கை ஓடும் வேகத்தைப் பெறுதியாகவும் காட்டலாம் என்றார் நண்பர். கரும்பலகையில் வரைபும் வரைந்தார். அதே மாணவி குறுக்கிட்டாள். "நிறை தொடர்ச்சியாகக் கூடுது சேர். சம்பளம் அப்படியில்லையே. குறித்த கிலோவுக்கு அரைக் கிலோ குறைஞ்சாலும் அரைப்பேர். அதை எட்டினால் முழுப்பேர். அந்த இடத்தில் சார்பு தொடர்ச்சியற்றது. அங்கே பெறுதி இல்லை." சாக்கின் நிறையும் ஈரத்தின் நிறையும் கழிக்கப்படுவதை எங்கே சேர்ப்பது என்று ஒரு பையன் கேட்டான். அவற்றைக் கழிப்பவர் தாம் விரும்பியவாறு வைக்கும் மாறிலி என்று மற்றொருவன் சொன்னான். இவ்வளவும் பரீட்சைப் பாடத்திட்டத்துக்கு உட்பட்ட கருத்துகளே என்பதை, கற்பித்தற் குறிப்பேட்டைக் கேட்டு வரும் அதிகாரிகளுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது உயர்தரப் பரீட்சை இடைநடுவில் நின்றது; எஞ்சிய பாடங்கள் 2026 சனவரியிலேயே நடத்தப்பட்டன. மண் சரிந்து லயத்தை விட்டவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தங்கியிருந்தனர். அக்காலத்தில் எமது மாணவரின் குறிப்புப் புத்தகங்களுள் எத்தனை நனைந்து போயின, எத்தனை சேற்றோடு போயின என்பதை எந்தப் புள்ளி வழங்கும் முறையும் கணக்கிற் கொள்ளாது. அவர்களும் நாட்டின் ஏனைய மாணவர் எழுதிய அதே வினாத்தாளையே எழுதினர்.

'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' படத்தைக் குறைகளோடும் மாணவருக்குக் காட்ட வேண்டும் என்றே ஆசிரியத் தோழர்களைக் கேட்டுக்கொள்வோம். ஆனால் அதனைத் தனியே காட்டாது, அன்றே 'ஒரு கூடைக் கொழுந்து' கதையையும் உரத்து வாசியுங்கள். அடுத்த வாரம் நாம் அவ்வாறு செய்தோம். தன்னை ஐயுற்றவர்கள் முன்னிலையில் அந்தப் பெண் மீண்டும் கொழுந்தெடுத்துக் காட்டியது சரியா, அல்லது மறுத்திருக்க வேண்டுமா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கரும்பலகையில் கணக்குச் செய்துகாட்டிய மாணவி, மறுத்திருக்க வேண்டும் என்ற கட்சியில் நின்றாள். கடைசிப் பஸ் வந்து சத்தமிட்டபோதும் விவாதம் முடிந்திருக்கவில்லை.